‘தங்களுக்கு எந்த ஊர்?’

வழிப்பிரயாணத்தில் அறிமுகமற்ற இருவர் சந்தித்தால் முதலிற் பிறக்கும் வினா, “தங்களுக்கு எந்த ஊர்?” என்பதே. பெயரைக் கேட்பதற்கு முன்னரே ஊரைக் கேட்பது நம்மவர் வழக்கம். கேட்பவர்க்கு இதனால் செலவொன்றும் இல்லை; விடை கூறுபவர்க்கும் அப்படியே என்றுதான் எவர்க்கும் தோன்றும். ஆனால் ஐம்பது ஆண்டுகளாக இவ்வினாவுக்குப் பல நாடுகளில் விடை கூறி வந்தவன் என்ற முறையில், அஃது அவ்வளவு எளிதன்று என அனுபவத்தில் அறிந்திருக்கிறேன். ஊரின் பெயரை நாம் சொல்லி வாய் மூடுவதற்குள் கேட்டவர் மனத்தில் ஒரு சித்திரம் எழுந்து விடுகின்றது. பின்னர் அவர் பேசுவதெல்லாம் அச்சித்திரத்தோடுதான், நம்மோடு அன்று. அத்தகைய சித்திரங்களுட் சிலவற்றை வாசகர்களுக்குக் காட்டி, அவர்களோடு சேர்ந்து சிரித்து, முடிவில் என் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் பேராக் மாநிலத்தான். இப்பொழுது குடியிருப்பது ஈப்போ நகரம். பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டம். இவ்விரண்டனுள் எதனை என் ஊர் என்று சொல்வது என்பதே என் வாழ்நாட் சங்கடம். அதனைப் பின்னர் விளக்குவேன். முதலில் வேடிக்கையைக் கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர்த் திருச்சிராப்பள்ளியில் விமானத்தினின்று இறங்கி, இரயிலேறிச் சென்னைக்குச் சென்றுகொண்டிருந்தேன். எதிர் ஆசனத்தில் வெள்ளை வேட்டி உடுத்த பெரியவர் ஒருவரும், அவருடைய துணைவியாரும், பேரன் போலும் ஒரு வாலிபரும் அமர்ந்திருந்தனர். வண்டி நகர்ந்து ஐந்து நிமிடம் ஆகியிராது.

“ஐயாவுக்கு எந்த ஊருங்க?” என்றார் பெரியவர்.

“மலேசியா. ஈப்போ என்று ஒரு பட்டணம்.”

“ஈப்போவா? சிங்கப்பூரில் அது எந்தப் பக்கம்?”

சிங்கப்பூர் வேறு நாடு, மலேசியா வேறு நாடு என விளக்கத் தொடங்கினேன். இரண்டும் ஒரே நாடாக இருந்தது 1963 செப்டம்பர் முதல் 1965 ஆகஸ்டு வரைதான், இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை என்றேன். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கே 200 கிலோமீட்டர் உண்டு, சிங்கப்பூர் அதற்கும் அப்பால் வெகு தூரம் என்றேன். பெரியவர் மிக்க பொறுமையோடு கேட்டுத் தலையசைத்தார். கேட்டு முடித்து, “என் தங்கை மருமகன் சிங்கப்பூரில்தான் இருக்கிறார். உயரமாக இருப்பார், கண்ணாடி போட்டிருப்பார். நீங்கள் பார்த்திருப்பீர்களே?” என்று வினவினார்.

அம்மையார்க்கு வேறொரு சந்தேகம். “அங்கே புலியெல்லாம் வீட்டு வாசலுக்கே வருமாமே? எங்கள் தாத்தா சொல்வார்.” அவருடைய தாத்தா மலாயாவுக்குச் சென்று மீண்டவராம். அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். காட்டை வெட்டித் தோட்டம் ஆக்கிய காலத்தில் புலியும் பாம்பும் கூலிகளின் அயல்வாசிகளாகவே இருந்தன. ஆனால் இன்று மலாயாக் காடுகள் அனைத்திலும் எஞ்சியிருக்கும் புலிகள் 150க்கும் குறைவு. என் ஆயுளில் நான் கண்ட புலி, தைப்பிங் மிருகக்காட்சிசாலையில் இருந்தது. அதுவும் நான் போன வேளையில் உறங்கிக்கொண்டிருந்தது. இதனைக் கூறியதும் அம்மையார் முகம் வாடிற்று. தாத்தாவின் புலியை நான் கொன்றுவிட்டதாகவே அவர் கருதினார் போலும்.

வாலிபருக்குப் புலியில் நாட்டமில்லை. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கபாலி’ திரைப்படமே அவருக்கு மலேசியா. “அண்ணே, அந்தப் படத்தில் வருகிற மாதிரி அங்கே தமிழர்களுக்குள் பெரிய பெரிய கும்பல் உண்டாமே? நீங்கள் யாரையாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவ்வேளையில் நான் இரத்தக் கொதிப்பு மாத்திரையைப் பையினின்று எடுத்து விழுங்கிக்கொண்டிருந்தேன். என்னைச் சற்று நேரம் உற்று நோக்கிவிட்டு அவர் சன்னலின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விழுப்புரம் நெருங்கும் சமயம் அம்மையார் மறுபடியும் என்னை நோக்கி, “கோடாலித் தைலம் கொண்டு வந்திருக்கிறீர்களா? எனக்கு முழங்கால் வலி” என்றார். மலேசியாக்காரன் என்றால் பெட்டி நிறையத் தைலக் குப்பி வைத்திருப்பான் என்னும் எண்ணம் தமிழ்நாட்டில் எத்துணை வேரூன்றியிருக்கிறது! அத்தைலம் சிங்கப்பூர்க் கம்பெனியின் சரக்கு, எங்கள் நாட்டினது அன்று என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஏனெனில், என் பெட்டிக்குள் உறவினருக்கென வாங்கிய குப்பிகள் பன்னிரண்டு இருந்தன. பதினொன்றோடு சென்னை சேர்ந்தேன்.

அதற்கு மறு ஆண்டு என் மகளைக் காண இலண்டனுக்குச் சென்றேன். அங்கே ஈஸ்ட்ஹாம் பகுதியில் நம்மவர் கடைகள் மிகுதி. ஒரு மளிகைக் கடையில் கறிவேப்பிலை வாங்கும்போது என் தமிழைக் கேட்ட கடைக்காரர் ஊர் எதுவென்று வினவினார். அவர் யாழ்ப்பாணத்தவர். நான் ஈப்போ என்றதும், “மலாயாவோ!” என்று முகம் மலர்ந்தார். “எங்கடை பெரியப்பா தைப்பிங்கிலை ஸ்டேசன் மாஸ்டரா இருந்தவர். மலாயன் பென்சன் எடுத்தவர். அந்தப் பென்சனிலைதான் எங்கடை வீடே கட்டினது. நீங்களும் பென்சனோ?” என்றார்.

இவர் ஒருவரே எங்கள் நாட்டைச் சிங்கப்பூரோடு குழப்பாதவர். ஆயினும் அவர் மனத்திலிருந்த மலாயாவில் ரப்பர் மரமே இல்லை, கூலி லயம் இல்லை, கங்காணி இல்லை. அங்கே இருந்தவை இரயில் நிலையம், ஆபீசு, மாதம் தவறாமல் வரும் பணம் ஆகிய இவைதாம். ஆங்கிலேயர் காலத்தில் மலாயாவின் இரயில்வேயிலும் அரசாங்க ஆபீசுகளிலும் தோட்டத்துக் கிராணி உத்தியோகத்திலும் யாழ்ப்பாணத் தமிழர் மிகப் பலர் பணியாற்றினர். முதுமையில் ஊர் திரும்பியவர்க்குப் ‘பென்சனியர்’ என்றே பெயர். என் தகப்பனார் மரத்தில் பால் வெட்டிய அதே நாட்டில்தான் அவருடைய பெரியப்பாவும் கொடி காட்டி வண்டியை அனுப்பியிருக்கிறார். ஆனால் இருவரும் வாழ்ந்தவை இரண்டு மலாயாக்கள்.

என் மகளின் அடுத்த வீட்டில் வசிக்கும் ஆங்கில மூதாட்டியோ, இரட்டைக் கோபுரத்தை நாள்தோறும் காண்பீர்களா என்று கேட்டார். அது 200 கிலோமீட்டருக்கு அப்பால் கோலாலம்பூரில் உள்ளது என்றேன். பின்னர் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு, “மிஷெல் யோ பிறந்த ஊராமே!” என்று மகிழ்ந்தார். 2023ஆம் ஆண்டில் அவ்வம்மையார் ஆஸ்கார் பரிசு பெற்றது முதல் வெள்ளைக்காரர்க்கு ஈப்போ விளங்கத் தொடங்கியிருக்கிறது. ஒரு நடிகை தம் ஊருக்குச் செய்யக்கூடிய நன்மை இவ்வளவு என்றால், அதுவும் சிறிதன்று.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்க்குங்கால் எனக்கு ஓர் உண்மை புலப்படுகின்றது. ஒவ்வொருவரும் எங்கள் ஊரை, அங்கிருந்து தம் வீட்டுக்கு வந்து சேர்ந்த பொருளைக் கொண்டே அளக்கின்றனர். தைலம் வந்த வீட்டில் எங்கள் ஊர் தைலம். பென்சன் வந்த வீட்டில் பென்சன். கதை மட்டும் வந்த வீட்டில் புலி. படம் வந்த வீட்டில் கும்பல். இதில் வஞ்சகம் ஏதுமில்லை. ஆதலால் கோபித்துக்கொள்வதற்கும் இடமில்லை. காணாத ஊரைப் பற்றி மனிதன் வேறு எவ்வாறுதான் எண்ணுவான்?

ஆனால் நம் நாட்டுக்குள்ளேயே, இரண்டு மணி நேரப் பயணத்தில் வந்து கண்டுவிடக்கூடிய தூரத்தில் இருப்பவர்களும் இப்படியே பேசும்போதுதான் வியப்பு உண்டாகின்றது. கோலாலம்பூரில் ஈப்போ என்று சொன்னால் முதலில் வெள்ளைக் காப்பி; பின்னர்த் தவுகே கோழி; பிறகு தம்புன் பம்பளிமாசு. வெள்ளைக் காப்பி வெண்மையாக இராது. மற்றக் காப்பிக் கொட்டையைச் சர்க்கரையும் சேர்த்துக் கருக வறுப்பார்கள். இதனைச் சர்க்கரை இன்றி மார்ஜரின் மட்டும் இட்டு இளநிறமாக வறுப்பார்கள். அதனால் வந்த பெயர். தமிழர் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி, “புந்தோங்கா?” என்பது. புந்தோங் என்றால் கச்சாங் பூத்தே வறுக்கும் இடம். அல்லது கேட்பவரின் மனப்போக்கின்படி, சண்டைக்காரர் வாழும் இடம். அங்கே ஆசிரியரும் வக்கீலும் பாடகரும் பிறந்திருப்பர் என்பது அவருக்குத் தோன்றாது.

ஈப்போ என்பது ஒரு நச்சு மரத்தின் பெயர். காட்டில் வாழும் பூர்வகுடி மக்கள் அதன் பாலை ஊதுகுழல் அம்பின் நுனியில் தடவி வேட்டையாடினர். அம்மரத்தின் பெயரைத் தாங்கிய சிற்றூர், கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயத்தால் பெருநகராயிற்று. 1937இல் தைப்பிங்கை விட்டுப் பேராக்கின் தலைநகர் இங்கே மாறிற்று. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தபோது ஊரும் சரிந்தது; இளைஞர் வெளியேறினர். இப்பொழுது ‘ஓய்வு பெற்றவர்களின் ஊர்’ என்கின்றனர். நான் ஓய்வு பெற்றவன்தான். ஆதலால் இப்பெயரை மறுப்பதற்கில்லை.

நிற்க. இதுவரை சிரித்தோம். இனி, நான் ஒப்புக்கொள்ள வேண்டியதாகச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

1976ஆம் ஆண்டு மேற்படிப்புக்காகக் கோலாலம்பூர் சென்று ஒரு மாணவர் விடுதியில் சேர்ந்தேன். முதல் நாள் மாலை மாணவர்கள் வட்டமாய் அமர்ந்து ஒருவரை ஒருவர் ஊர் கேட்டுக்கொண்டனர். பினாங்கு, கிள்ளான், சிரம்பான் என்று பட்டணங்களின் பெயர்களாகவே வந்துகொண்டிருந்தன. என் முறை வந்தது. என் நா, என்னைக் கேளாமலே, “ஈப்போ” என்றது.

அக்காலத்தில் ஈப்போவை நான் மூன்று முறைதான் பார்த்திருந்தேன். இரண்டு முறை கல்லுமலைக் கோயில் தைப்பூசத்திற்கு. ஒரு முறை பல் பிடுங்கிக்கொள்வதற்கு. போதாக்குறைக்கு அவ்வட்டத்தில் மற்றொருவரும் “நானும் ஈப்போதான்” என்று எழுந்தார். எனக்கு வியர்த்துவிட்டது.

“ஈப்போவில் எந்தப் பகுதி?” என்றார் அவர்.

“புந்தோங்” என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே பெயர் அதுதான்.

“புந்தோங்கில் எங்கே?”

“கோயிலுக்குப் பக்கத்தில்.” தமிழர் வாழும் இடத்தில் கோயில் இல்லாமற் போகாது என்னும் தைரியத்தில் சொன்னேன். “நீங்கள் எங்கே?” என்று திருப்பியும் கேட்டேன்.

“நானும் கோயிலுக்குப் பக்கந்தான். வேறு கோயில்” என்றார் அவர். அதன்பின் ஆறு மாத காலம் ஈப்போவைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நாங்கள் இருவரும் வேறு பக்கம் நழுவிச் செல்வதை வழக்கமாகக் கொண்டோம்.

ஆறாம் மாதம் என் தகப்பனார் முன்னறிவிப்பின்றி என்னைக் காண வந்துவிட்டார். ஒரு கையில் வாழைச் சீப்பு. மறு கையில் அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய்ப் புட்டி. இருப்பதில் நல்ல சட்டையைத்தான் அணிந்திருந்தார். ஆயினும் விரல் நுனிகளில் ரப்பர்ப் பாலின் கறை கருகருவெனப் படிந்திருந்தது. எத்தனை முறை கழுவினாலும் அது போகாது. விடுதி வாயிலில் அவரை எதிர்கொண்டவர் அந்த மற்றோர் ஈப்போக்காரரே. நான் மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்தேன். பேச்சு என் காதில் விழுந்தது.

“ஈப்போவிலிருந்து வருகிறீர்களா ஐயா?”

“இல்லை தம்பி, சுங்கை சிப்புட் பக்கம்” என்று தொடங்கிய என் தகப்பனார், தோட்டத்தின் பெயர், எத்தனையாவது பிரிவு, லயத்தில் எத்தனையாவது வீடு என்பது வரை அடுக்கிச் சொன்னார். “விடியுமுன் பெரட்டு, அதன்பின் மரம் வெட்டப் போய்விடுவேன். பதினொரு மணிக்கு மேல் வந்தால் வீட்டில் இருப்பேன். இவனோடு ஒருமுறை வந்து போங்கள் தம்பி” என்று அழைப்பும் விடுத்தார்.

நான் படியிலேயே நின்றுவிட்டேன். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. அந்நண்பர் என் தகப்பனாரின் கையிலிருந்த வாழைச் சீப்பை வாங்கிக்கொண்டார். பின்னர் மெல்லிய குரலில், “எங்கள் அப்பாவும் பால்மரம்தான் வெட்டுகிறார், ஐயா. தெலுக் ஆன்சன் பக்கம் ஒரு தோட்டம்” என்றார்.

ஆறு மாதமாக இரண்டு போலி ஈப்போக்காரர்கள் ஒருவருக்கொருவர் அஞ்சி வாழ்ந்திருக்கிறோம்! அன்று மாலை என் தகப்பனாரைப் பஸ் ஏற்றிவிடச் சென்றபோது அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறி அமர்ந்து, சன்னல் வழியே தலையை நீட்டி, “ஈப்போவில் நம் வீடு எந்தத் தெரு என்று எழுதிக் கொடுத்துவிடு, தம்பி. அடுத்த தடவை தடுமாறாமல் சொல்கிறேன்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அச்சிரிப்பு இன்றும் என்னைச் சுடுகின்றது.

ஏன் ஒளித்தேன்? தோட்டம் என்றவுடன் பட்டணத்துத் தமிழர் மனத்தில் எழும் சித்திரத்தை நான் அறிந்திருந்தேன். கள்ளுக்கடை, சண்டை, சாமியாட்டம், எழுத்தறியாமை இவைதாம் அச்சித்திரம். தோட்டத்துக்குள் கள்ளுக்கடை வைத்தவர் எவர் என்று யாரும் கேட்கவில்லை. கூலி கொடுத்த நிர்வாகமே கள்ளுக்கடைக்கும் இடங்கொடுத்தது. வலக்கையால் கொடுத்ததை இடக்கையால் வாங்கிக்கொண்டது. எழுத்தறியாமையும் அப்படியே. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது உண்மை. ஆனால் பல தோட்டங்களில் அப்பள்ளிக்கூடம் ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியருமாகவே பல காலம் இருந்தது. அங்கே பயின்ற பிள்ளை உளியைத் தவிர வேறு எதனைக் கையில் எடுக்கும்? பிறர் செய்துவைத்த நிலையை எங்கள் இயல்பு என்று உலகம் எண்ணிற்று. நானும் அவ்வாறே எண்ணியதுதான் என் குற்றம்.

அத்தோட்டத்து மக்கள் இந்நாட்டுக்கு யார்? எங்கள் சுங்கை சிப்புட்டிலிருந்து அதிக தூரமில்லை கோலகங்சார். பிரேசில் நாட்டு விதையினின்று இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த ரப்பர்க் கன்றுகள் 22, 1877இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்து மரமொன்று இன்றும் அவ்வூரில் வேலிக்குள் பாதுகாக்கப்பட்டு நிற்கின்றது. ஊர் எது என்று அதனைக் கேட்டால் பிரேசில் என்றுதான் அது சொல்ல வேண்டும். ஆனால் அதனைப் பார்க்க வரும் எவரும் அவ்வினாவைக் கேட்பதில்லை. பலகையைப் படித்து, மரியாதையோடு படம் பிடித்துச் செல்கின்றனர். அம்மரத்தின் வழி வந்த கோடிக்கணக்கான மரங்களை நட்டு, வளர்த்து, விடியற்காலை இருட்டில் நிரை நிரையாக வெட்டிப் பால் சுமந்தவர்களின் மக்களைத்தான் மூன்று தலைமுறைக்குப் பின்னரும், “சொந்த ஊர் எது?” என்று கேட்கின்றனர்.

தோட்டத்து வாழ்வில் ஒரு விதி இருந்தது: வேலை உள்ளவரை வீடு, வேலை போனால் வீடும் போம். 1950களில் பெருந்தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியபோது ஆயிரக்கணக்கானோர் இவ்விதியின் பொருளை உணர்ந்தனர். துன் சம்பந்தன் அவர்கள் தொழிலாளரின் சிறு சிறு பங்குப் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை அவர்களே வாங்குமாறு 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்த அச்சத்தினாற்றான். அவரும் சுங்கை சிப்புட்டுத் தோட்டப்புறத்தில் பிறந்தவரே. எனினும் எல்லாத் தோட்டத்தையும் ஒரு சங்கம் காத்துவிட முடியுமா? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்துணை ஆள் வேண்டுவதில்லை. எங்கள் தோட்டத்திலும் முதலில் செம்பனை; 1990களில் அதுவும் போய் வரிசை வீடுகள் எழுந்தன; ‘தாமான்’ என்று தொடங்கும் ஒரு புதுப்பெயர் வந்தது. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் மோட்டார் வண்டிகள் நிற்கின்றன. மாரியம்மன் கோயில் மட்டும் ஒரு மூலையில் இருக்கின்றது. அந்தக் ‘கபாலி’ வாலிபர் கேட்ட கும்பல்களில் சேர்ந்த பிள்ளைகளுட் பலர், இவ்வாறு வீடிழந்து பட்டணத்து ஓரத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளே. இதனை அவரிடம் அன்று சொல்லியிருக்கலாம்.

அவ்விரயில் பயணத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டிருந்தேன். பெரியவர் சிங்கப்பூரை விட்டபின், “அது இருக்கட்டும், பூர்வீகம் எந்த ஊர்?” என்றார். பாட்டனார் சேலம் பக்கத்திலிருந்து கப்பலேறியவர் என்றேன். “சேலத்தில் எந்தப் பக்கம்?” என்றார். தெரியாது என்றேன். சிறிது தயங்கி, “நீங்கள் என்ன ஆளுங்க?” என்று கேட்டார். அப்பொழுதுதான் தெரிந்தது, அவர் ஊரைத் தேடவில்லை என்பது. ஊரின் பெயரை ஏணியாக வைத்து அவர் ஏறிப் பார்க்க விரும்பியது ஜாதியை. “நாங்கள் பால்மரம் வெட்டிய ஆளுங்க” என்றேன். அவர்க்கு அது விளங்கவில்லை. எனக்கோ, 1976இல் சொல்லத் தவறியதை நாற்பது ஆண்டு கழித்துச் சொல்லிவிட்ட நிம்மதி.

இவ்வளவும் எழுதும் நான் பிறரைப் பற்றிச் சித்திரம் வரையாதவன் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டா. இப்பொழுது நாங்கள் குடியிருக்கும் இடத்தின் வாயிலில் நேப்பாள இளைஞர் ஒருவர் காவல் புரிகின்றார். அவர் வேலைக்கு வந்த முதல் வாரம், மலாய் மொழியில் ஊர் எதுவென்று கேட்டேன். நேப்பாளம் என்றார். உடனே நான், “எவரெஸ்ட் மலையைப் பார்த்திருக்கிறாயா? இங்குள்ள வெயில் உனக்குத் தாங்காதே!” என்றேன். அவர் சிரித்தார். “எல்லாரும் இதையே கேட்கிறார்கள், அங்கிள். எங்கள் ஊர் சமவெளி. வெயிற்காலத்தில் நாற்பது டிகிரிக்கு மேல் போகும். பனியை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்” என்றார். அவருடைய ஊர் தனுஷா மாவட்டம். சீதை பிறந்ததாகச் சொல்லப்படும் ஜனக்பூர் அருகில் இருக்கிறதாம். இராமாயணத்தைத் தமிழில் பலமுறை கேட்ட எனக்கு, அந்த மிதிலையிலிருந்து ஒருவர் வந்து என் வாயிற்கதவைத் திறந்துவிடுகின்றார் என்பது அன்றுதான் தெரியும். இரயிலில் கண்ட அம்மையாரின் புலியும் என்னுடைய எவரெஸ்டும் ஒன்றுதானே!

ஆனால் ஒன்று கற்றுக்கொண்டேன். முதற் கேள்வி மூடத்தனமாக இருப்பதால் தோஷமில்லை. அதனோடு நின்றுவிடுவதுதான் தோஷம். அவருடைய மறுமொழிக்குப் பிறகு நான் இரண்டாவது கேள்வியைக் கேட்டேன்; மூன்றாவதையும் கேட்டேன். இப்பொழுது அவர் தம் ஊரில் நெல் அறுக்கும் மாதத்தையும், தம் தாயார்க்குக் கண்ணில் சிகிச்சை ஆனதையும் எனக்குச் சொல்கிறார். அவரும் என் ஊரைக் கேட்டார். சுங்கை சிப்புட், தோட்டத்தின் பெயர், பிரிவு, லயம் என்று என் தகப்பனார் சொன்ன வரிசையிலேயே சொன்னேன்.

என் அன்னையார் 2009இல் காலமானார். அதற்கு இரண்டு ஆண்டு முன்னர் ஒரு காரியமாக அவரை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். பிறந்த இடம் எது என்று பணிப்பெண் கேட்டார். அன்னையார் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அப்பெண் கணினியில் தேடினார், எழுத்தை மாற்றிப் போட்டுத் தேடினார், கிடைக்கவில்லை. “பாட்டி, இப்படி ஓர் ஊரே இல்லையே” என்று மலாயில் வருத்தத்தோடு சொன்னார். நான் குறுக்கிட்டு, “சுங்கை சிப்புட் என்று போட்டுவிடுங்கள்” என்றேன். அன்னையார் என் கையைத் தட்டிவிட்டார். தமக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில், “நாமா தாடா, சாயா அடா” என்றார். பெயர் இல்லை, ஆனால் நான் இருக்கிறேன் என்பது அதன் பொருள். பணிப்பெண் சிரித்துவிட்டு, அன்னையார் சொன்ன பெயரையே எழுத்துக் கூட்டிக் கையால் எழுதிக்கொண்டார்.

வாசகர்களே! உங்களிற் பலருடைய ஊரும் இன்று வரைபடத்தில் இராது. வழியில் யாரேனும் ஊர் கேட்டால், அருகிலுள்ள பெரிய பட்டணத்தின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளாதீர்கள். தோட்டத்தின் பெயரையே சொல்லுங்கள். கேட்பவர் புலியைப் பற்றிக் கேட்பார், தைலத்தைப் பற்றிக் கேட்பார், கேட்கட்டும். சிரித்துக்கொண்டே விடை சொல்லுங்கள். பின்னர் அவருடைய ஊரையும் கேளுங்கள். அவர் சொல்லும்போது இடையில் பேசாதிருங்கள்.